ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் வேலை: லினக்ஸ் விபிஎன் கட்டளைக் கருவியைப் பராமரிப்பது

லினக்ஸில் விபிஎன் இணைப்பை ஏற்றி இறக்க ஒரு சிறிய கட்டளைக் கருவி எழுத இரண்டு நாள் போதும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் என்ற இரு விபிஎன் மென்பொருள்களுக்கும் நிரலில் தலா ஒரு கிளை, நெட்வொர்க் அமைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் அதன் வழியாக இன்னொன்று. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். 'இணைப்பு ஏறவில்லை' என்ற புகாரை லாக் பார்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 'விபிஎன்னை நிறுத்திவிட்டேன், இப்போது இணையமே வரவில்லை' என்ற புகார்தான் நாள்கணக்கில் இழுக்கும். காரணம், கருவி எதையோ மாற்றியிருக்கிறது, மாற்றியதை மறந்திருக்கிறது.

ஆகவே பராமரிப்பைக் கையில் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கருவி கணினியில் எதையெல்லாம் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுவது. நெட்வொர்க் இடைமுகம், வழித்தடங்கள், வழித்தட விதிகள், டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை), ஃபயர்வால், பின்னணியில் ஓடும் செயல்முறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதை யார் திரும்ப எடுப்பார்கள்?' என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள்.

சிலவற்றை லினக்ஸின் மையமான கர்னலே எடுத்துவிடும். இடைமுகம் அழிந்தால் அதன் வழியாகப் போன வழித்தடங்களும் கூடவே அழியும். ஆனால் 'ஐபி ரூல்' கட்டளையால் சேர்த்த விதிகள் அப்படியே நிற்கும். விபிஎன் சர்வரின் முகவரிக்கு மட்டும் பழைய கேட்வே வழியாகப் போடப்படும் தனி வழித்தடமும் நிற்கும், ஏனென்றால் அது டனலின் (விபிஎன் உருவாக்கும் மறைகுறிப் பாதை) மேல் இல்லை, உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் மேல் இருக்கிறது. இந்தக் கடைசி மிச்சத்தின் அறிகுறி வேடிக்கையானது: எல்லாத் தளங்களும் திறக்கும், விபிஎன் சர்வர் மட்டும் எட்டாது. கேட்வே மாறியிருக்கும், தனி வழித்தடம் பழைய கேட்வேயையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஓபன்விபிஎன்னைக் கில் சிக்னலால் (உடனடியாகக் கொல்லும் சிக்னல்) கொன்றால் இந்த மிச்சம் நிற்கும். டெர்ம் சிக்னல் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) அனுப்பினால் அது தன் வழித்தடங்களைத் தானே கழற்றிவிட்டுத்தான் வெளியேறும். எனவே டெர்ம் அனுப்புங்கள், 10 விநாடி காத்திருங்கள், அப்போதும் போகவில்லை என்றால் மட்டும் கில். அப்படிக் கொல்ல நேர்ந்தால் மிச்சங்களைத் துடைப்பது உங்கள் கருவியின் பொறுப்பு.

நிலையை எங்கே எழுதி வைப்பது

மாற்றியதை நினைவில் வைக்க ஒரு நிலைக்கோப்பு வேண்டும். அதைப் பயனரின் ஹோம் கோப்புறையில் வைக்காதீர்கள். மின்சாரம் போய்க் கணினி மறுபடி எழும்போது டனல் இருக்காது, ஆனால் 'இணைந்திருக்கிறது' என்று சொல்லும் கோப்பு இருக்கும். '/ரன்' கோப்புறை நினைவகத்தில் இருப்பது, கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் காலியாகும். நிலைக்கோப்பின் இடம் அதுதான்.

மாற்றம் செய்வதற்கு முன்பே எழுதுங்கள், பின்பு அல்ல. 'இந்த வழித்தடத்தைச் சேர்க்கப் போகிறேன்' என்று எழுதிவிட்டுச் சேர்த்தால், நடுவில் கருவி செத்தாலும் இறக்கும் கட்டளைக்குத் தடயம் கிடைக்கும். இல்லாத வழித்தடத்தை அழிக்க முயன்றால் ஒரு பிழைச் செய்தி வரும், அதை விழுங்கிவிடலாம். இருக்கும் வழித்தடத்தைப் பற்றிப் பதிவே இல்லை என்றால் செய்ய ஒன்றுமில்லை.

ஓபன்விபிஎன்னின் செயல்முறை எண்ணைக் கோப்பில் எழுதிவைத்து, பிறகு அந்த எண்ணைக் கொல்லும் பழைய முறையை விட்டுவிடுங்கள். செயல்முறை எண்கள் மறுபடி பயன்படுத்தப்படும், ஒருநாள் வேறு எதையோ கொல்வீர்கள். சிஸ்டம்டி (சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) இருக்கும் கணினியில் அதனிடமே ஒரு சர்வீஸாக ஒப்படைப்பது மேல். ஒரே நேரத்தில் இரண்டு டெர்மினலில் ஏற்றும் கட்டளை ஓடாமலிருக்க ஒரு பூட்டுக்கோப்பும் வேண்டும்.

டிஎன்எஸ்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, விபிஎன் தரும் டிஎன்எஸ் முகவரியை அதில் எழுதி, இறக்கும்போது நகலைத் திரும்ப வைப்பது. பார்க்க நியாயமாகத் தெரியும் இந்த வழியில் குறைந்தது இரண்டு குழிகள் உண்டு.

முதலாவது, பயனர் இறக்காமல் இரண்டாம் முறை ஏற்றுவார். இரண்டாவது ஏற்றத்தில் கருவி மறுபடி நகலெடுக்கும், ஆனால் இப்போது அந்தக் கோப்பில் இருப்பது விபிஎன்னின் டிஎன்எஸ். உண்மையான நகல் அழிந்தது. இறக்கிய பிறகும் எட்டாத முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும் கணினி மிஞ்சும். நகல் ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் எழுதாதே என்ற ஒரு வரி இதைத் தடுக்கும்.

இரண்டாவது, சிஸ்டம்டி-ரிசால்வ்டு (டிஎன்எஸ் கேள்விகளைக் கவனிக்கும் சேவை) ஓடும் கணினிகளில் ரிசால்வ்.கான்ஃப் என்பது பெரும்பாலும் உண்மையான கோப்பே அல்ல, 127.0.0.53 என்ற முகவரியைக் காட்டும் இன்னொரு கோப்புக்கான இணைப்பு. அதன் மேல் புதுக் கோப்பை நகர்த்தி வைத்தால் இணைப்பு முறிந்து சாதாரணக் கோப்பு வந்து உட்காரும். அதன் பிறகு வைஃபை மாறும்போது வரும் புதிய டிஎன்எஸ் எதுவும் அங்கே ஏறாது.

ரிசால்வ்டு இருந்தால் கோப்பைத் தொடவே வேண்டாம். 'ரிசால்வ்சிடிஎல்' கட்டளையால் டனல் இடைமுகத்துக்கு மட்டும் டிஎன்எஸ் முகவரியைக் கொடுங்கள். கூடவே அதன் டொமைனாக '~.' என்று கொடுங்கள். இந்த இரண்டு எழுத்துக்கு 'எல்லாப் பெயர்களையும் இந்த இடைமுகத்திடமே கேள்' என்று பொருள். இதை விட்டுவிட்டால் கேள்விகள் வைஃபை பக்கமும் கசியும். இந்த வழியின் அழகு, இடைமுகம் அழிந்ததும் அதன் டிஎன்எஸ் அமைப்பும் தானே போய்விடுகிறது. துடைக்க எதுவும் இல்லை.

வயர்கார்டு டனலை ஏற்றி இறக்கும் 'டபிள்யூஜி-க்விக்' நிரல், அமைப்புக்கோப்பில் டிஎன்எஸ் வரி இருந்தால் 'ரிசால்வ்கான்ஃப்' என்ற கட்டளையைத் தேடும். அது இல்லையென்றால் ஏற்றமே பாதியில் நின்றுவிடும். உங்கள் கருவி இதை முன்கூட்டியே சோதித்து, எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று சொல்லட்டும்.

கில் சுவிட்ச்

டனல் விழுந்தாலும் போக்குவரத்து வெளியே கசியாமல் தடுக்கும் ஃபயர்வால் விதிகளை என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் அமைப்பு) தனி டேபிளாக வையுங்கள். பயனரின் விதிகளுக்குள் உங்கள் விதிகளைச் செருகினால், எடுக்கும்போது எது யாருடையது என்று தெரியாது. தனி டேபிள் என்றால் அழிக்க ஒரே கட்டளை.

விதிக்கோப்பின் முதல் வரியில் டேபிளை வெறுமனே அறிவியுங்கள், இரண்டாம் வரியில் அழியுங்கள், மூன்றாம் வரியிலிருந்து முழுதாக எழுதுங்கள். விநோதமாகத் தோன்றும், ஆனால் கோப்பு முழுவதும் ஒரே மூச்சில் கர்னலுக்குள் போகிறது. டேபிள் முன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழை வராது, பழைய விதிக்கும் புதிய விதிக்கும் நடுவே இடைவெளியும் இருக்காது.

உள்ளே, வெளிச்செல்லும் பாக்கெட்டுகளுக்கு இயல்பு நிலை 'கைவிடு'. அனுமதிக்க வேண்டியவை: லூப்பேக் (கணினி தன்னுடனே பேசும் இடைமுகம்), டனல் இடைமுகம், விபிஎன் சர்வருக்குப் போகும் யூடிபி, டிஹெச்சிபி (கணினிக்கு முகவரியைக் குத்தகையாகத் தரும் முறை), ஐபிவி6 அண்டை அறிதலுக்கான ஐசிஎம்பிவி6. டிஹெச்சிபியை மறந்தால் முதல் சில மணி நேரம் எல்லாம் சரியாக இருக்கும். முகவரியின் குத்தகை புதுப்பிக்கப்படும் நேரத்தில் கணினி நெட்வொர்க்கிலிருந்தே விழலாம்.

இங்கே ஒரு வார்த்தை வித்தியாசம் முக்கியம். டனலைக் குறிப்பிட 'ஓஐஎஃப்' என்று எழுதினால், விதி ஏறும் கணத்தில் அந்தப் பெயர் ஒரு எண்ணாக மாற்றப்படும். இடைமுகம் அப்போது இல்லையென்றால் விதியே ஏறாது. இருந்து, பிறகு அழிந்து, அதே பெயரில் மறுபடி பிறந்தால் எண் மாறியிருக்கும், விதி பொருந்தாது. டனல் ஏறியிருக்கும், ஒரு பாக்கெட்டும் போகாது. 'ஓஐஎஃப்நேம்' என்று எழுதினால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெயரே ஒப்பிடப்படும். சற்று மெதுவானதுதான், ஆனால் வந்து போகும் இடைமுகங்களுக்கு இதுவே சரி.

இன்னொரு பழக்கமும் இங்கே ஆபத்து. ஃபயர்வால் எழுதுபவர்கள் கைப்பழக்கத்தில் 'ஏற்கெனவே நிலவும் இணைப்புகளை அனுமதி' என்ற வரியை முதலில் போடுவார்கள். கில் சுவிட்சில் அதைப் போட்டால், விபிஎன்னுக்கு முன்பே திறந்திருந்த இணைப்புகள் டனல் விழுந்ததும் வைஃபை வழியாகவே தொடரலாம். தடுக்க நினைத்ததே நடக்கும்.

சர்வரின் முகவரி டொமைன் பெயராக இருந்தால், கில் சுவிட்ச் ஏறுவதற்கு முன்பே அதை ஐபியாக மாற்றி நிலைக்கோப்பில் வையுங்கள். பின்னால் மாற்றப் போனால் டிஎன்எஸ் கேட்கவே வழி இருக்காது. வயர்கார்டில் இதைவிட எளிய வழி உண்டு. முழுப் போக்குவரத்தையும் டனலில் விடும்போது டபிள்யூஜி-க்விக் தன் பாக்கெட்டுகளுக்கு வழக்கமாக 51820 என்ற குறியிடும். அந்தக் குறி உள்ளவற்றை அனுமதித்தால் போதும், சர்வர் முகவரி மாறினாலும் விதி மாறாது.

'இணைந்திருக்கிறதா' என்ற கேள்வி

நிலை சொல்லும் கட்டளைதான் கருவியில் அதிகம் பொய் சொல்லும் பகுதி. வயர்கார்டில் இணைப்பு என்று ஒன்று கிடையாது. இடைமுகம் இருக்கிறது என்பதற்கு 'அமைப்பு ஏற்றப்பட்டிருக்கிறது' என்று மட்டுமே பொருள். சாவி தவறானாலும் சர்வர் செத்திருந்தாலும் இடைமுகம் அப்படியே நிற்கும். தவறான சாவிக்கு மறுமுனை பதிலே சொல்லாது, அது வடிவமைப்பே. 'ஐபி லிங்க்' கட்டளை டனலின் நிலையைத் 'தெரியாது' என்று காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், டனல் இடைமுகங்களுக்கு அது இயல்பு.

நம்பத்தக்கது கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் புதிய சாவிக்கு உடன்படும் பரிமாற்றம்) நேரம். போக்குவரத்து இருக்கும்போது வயர்கார்டு 120 விநாடிக்கு ஒருமுறை புதிய ஹேண்ட்ஷேக் செய்யும், 180 விநாடி கடந்த சாவியை ஏற்காது. ஆனால் போக்குவரத்தே இல்லையென்றால் ஹேண்ட்ஷேக்கும் இருக்காது. 'ஒரு மணி நேரத்துக்கு முன்' என்ற விடை, டனல் தூங்குகிறது என்பதாகவும் இருக்கலாம், செத்தது என்பதாகவும் இருக்கலாம்.

ஆகவே நேரம் 180 விநாடியைத் தாண்டியிருந்தால் டனல் வழியாக ஒரு பாக்கெட் அனுப்புங்கள். ஒரு பிங் போதும், அதற்குப் பதில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை. அனுப்பும் முயற்சியே ஹேண்ட்ஷேக்கைத் தூண்டும். பதில் வராத ஹேண்ட்ஷேக்கை வயர்கார்டு 5 விநாடிக்குப் பிறகு மறுபடி முயலும் என்பதால் ஆறேழு விநாடி கழித்து நேரத்தைத் திரும்பப் படியுங்கள். புதிதாகியிருந்தால் 'உயிருடன்', இல்லையென்றால் 'பதில் இல்லை'. நேரம் 0 என்றால் ஒருமுறைகூட ஹேண்ட்ஷேக் நடக்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஹேண்ட்ஷேக் ஆகாத இரண்டு நேர்வுகளைச் சிக்கல் கண்டறியும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்று, கணினிக் கடிகாரம் பின்னால் போயிருப்பது. ஹேண்ட்ஷேக்கில் நேரமுத்திரை இருக்கிறது, முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையைச் சர்வர் தூக்கி எறியும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினிகளும், பழைய நிலையிலிருந்து எழுப்பப்பட்ட மெய்நிகர் கணினிகளும் இதில் மாட்டும். இரண்டு, ஒரே தனிச்சாவியை இரண்டு சாதனங்களில் பயன்படுத்துவது. சர்வர் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாயும், இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும்.

சர்வரின் டொமைன் பெயர் ஏற்றும் கணத்தில் ஒரே ஒருமுறைதான் ஐபியாக மாற்றப்படும். மாறும் ஐபியில் இருக்கும் சர்வர்களுக்கு, ஹேண்ட்ஷேக் பழையதானதும் பெயரை மறுபடி தேடி முகவரியைப் புதுப்பிக்கும் ஒரு டைமர் தேவை.

எம்டியூ பற்றி ஒரு கணக்கு

பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்கிறது, பிறகு உறைந்துவிடுகிறது. இது பெரும்பாலும் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் 1500. வயர்கார்டு தன் பங்காக 32 பைட், யூடிபி 8, வெளியே ஐபிவி6 என்றால் 40, மொத்தம் 80. மீதி 1420, இதுதான் வழக்கமான மதிப்பு. பிபிபிஓஇ வழியாக வரும் பிராட்பேண்டில் தொடக்கமே 1492 என்பதால் 1412 ஆகும். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற தேர்வுடன் டனலுக்குள் 1392 பைட் பிங் அனுப்புங்கள். ஐபிவி4 தலைப்பு 20, ஐசிஎம்பி 8 சேர்த்து 1420 வரும். போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1280 வரை இறங்கலாம், ஐபிவி6 அதற்குக் கீழே ஏற்காது.

இறக்குமதியும் சாவிகளும்

பயனர் எங்கிருந்தோ வாங்கிய அமைப்புக்கோப்பை உங்கள் கருவி நிர்வாகி உரிமையுடன் திறக்கிறது. டபிள்யூஜி-க்விக் கோப்பில் 'போஸ்ட்அப்', 'ப்ரீடவுன்' போன்ற வரிகள் ஷெல் கட்டளைகள். ஓபன்விபிஎன் கோப்பில் 'அப்', 'டவுன்', 'பிளகின்' வரிகளும் வெளி நிரலை ஓட்டக் கூடியவை. அதாவது, கோப்பைக் கொடுத்தவர் கணினியை முழுதாகக் கைப்பற்றலாம். ஆபத்தான வரிகளைப் பட்டியலிட்டுத் தடுப்பதைவிட, தெரிந்த வரிகளை மட்டும் அனுமதிப்பது நல்லது. அடுத்த பதிப்பில் புது வரி வந்தால் முதல் வழி ஓட்டையாகும், இரண்டாம் வழி வெறும் தொந்தரவாகும். தொந்தரவைத் தாங்கலாம்.

கோப்பின் பெயரே இடைமுகத்தின் பெயராகும் என்பதால் 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இறக்குமதியிலேயே சுருக்கிக் கேளுங்கள்.

தனிச்சாவி எழுதும் கோப்பை முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு உரிமையைக் குறைப்பது தவறு. நடுவே ஒரு கணம் எல்லாரும் படிக்கலாம். புதுக் கோப்பின் உரிமையைத் தீர்மானிக்கும் உமாஸ்க்கை 077 ஆக்கிவிட்டு உருவாக்குங்கள். சாவியைக் கட்டளை வரியில் கொடுக்காதீர்கள், செயல்முறைப் பட்டியலில் மற்றப் பயனர்களுக்கும் தெரியும். வயர்கார்டின் 'செட்' கட்டளை சாவியைக் கோப்பாகவே கேட்பதற்கும் காரணம் இதுதான்.

பிழைப் புகாருக்காகத் தகவல் திரட்டும் துணைக்கட்டளை வைத்திருந்தால் ஒருமுறை அதன் வெளியீட்டை வரி வரியாகப் படியுங்கள். வயர்கார்டின் சாதாரண 'ஷோ' கட்டளை தனிச்சாவியை மறைத்துக் காட்டும். நிரல்கள் படிப்பதற்கான 'டம்ப்' வடிவம் மறைக்காது, இடைமுகத்துக்கான முதல் வரியிலேயே தனிச்சாவி இருக்கும். அதை அப்படியே லாக்கில் கொட்டும் கருவி, பயனரின் சாவியைப் பொதுவெளியில் ஒட்டவைக்கிறது. சமன் குறியில் முடியும் 44 எழுத்துச் சரம் எதுவானாலும் மறைத்துவிடுங்கள். பொதுச்சாவியும் அதே வடிவம்தான், சேர்ந்து மறையும், பாதகமில்லை.

காலம் செய்யும் வேலை

நீங்கள் ஒரு வரிகூட மாற்றாவிட்டாலும் கருவி கெடும். ஓபன்விபிஎன் 2.5இல், ஏற்கும் குறியாக்க முறைகளைப் பட்டியலிடும் 'டேட்டா-சைஃபர்ஸ்' வரி வந்தது. 2.6இல் பழைய 'சைஃபர்' வரியை மட்டும் நம்பிய அமைப்புகள், சிபிசி என்ற பழைய குறியாக்க முறை மட்டுமே தெரிந்த பழைய சர்வர்களுடன் பேச முடியாமல் போயின. பயனரின் கோப்பை ரகசியமாகத் திருத்தாதீர்கள். எந்த வரி சேர்க்க வேண்டும் என்று காட்டுங்கள். 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3.0, பழைய குறியாக்கத்தில் பூட்டிய சான்றிதழ்க் கோப்புகளைத் திறக்க மறுக்கும். அவற்றைப் புதிய குறியாக்கத்தில் மறுபடி பொதியச் சொல்வதுதான் தீர்வு.

பைத்தானில் எழுதிய கருவி என்றால், 2023 அக்டோபரில் வந்த 3.12இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பொதியாக்க நூலகம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் (பைத்தானின் பொதி நிறுவி) வழியாக நிறுவுவதைத் தடுக்கிறது. நிறுவல் குறிப்பில் 'பிப்எக்ஸ்' வழியை எழுதுங்கள். வயர்கார்டு கர்னலுக்குள் வந்தது 5.6இல், 2020 மார்ச்சில். அதற்கு முந்தைய கர்னலுக்குத் தனி மாட்யூல் தேடும் நிரல்பகுதி இன்னும் இருந்தால், யாருக்காக என்று யோசித்துவிட்டு நீக்கலாம்.

மற்றக் கட்டளைகளின் வெளியீட்டைப் படிக்கும்போது மனிதருக்கான வடிவத்தைப் படிக்காதீர்கள். 'ஐபி' கட்டளைக்கு ஜேசன் வடிவம் உண்டு, நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான 'என்எம்சிஎல்ஐ'க்குச் சுருக்க வடிவம் உண்டு. சுருக்க வடிவத்தில் பெயருக்குள் வரும் முக்காற்புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மொழிச் சூழலைச் 'சி' (மொழிபெயர்க்காத இயல்பு வெளியீடு) என்று வைத்துவிட்டே அழையுங்கள். இல்லையென்றால் தமிழில் கணினியை வைத்திருப்பவருக்கு உங்கள் கருவி ஓடாது.

கழற்றும் சோதனை

சோதிக்க இரண்டு கணினி தேவையில்லை. இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் பிரித்த தனி நெட்வொர்க் சூழல்) உருவாக்கி, மெய்நிகர் கேபிள் போன்ற ஒரு விஈத் ஜோடியால் இணைத்து, ஒரு பக்கம் சர்வர், மறுபக்கம் உங்கள் கருவி. புது நேம்ஸ்பேஸில் லூப்பேக் இடைமுகம் இறங்கியே இருக்கும், அதை ஏற்றாமல் பாதி நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. ரிசால்வ்.கான்ஃப் தனியாகாது என்பதையும் கவனியுங்கள். நேம்ஸ்பேஸ் பிரிப்பது நெட்வொர்க்கை மட்டும்தான், கோப்புகளை அல்ல. '/ஈடிசி/நெட்என்எஸ்' கோப்புறையின் கீழ் அந்த நேம்ஸ்பேஸின் பெயரில் தனிக் கோப்புறையும் அதற்குள் ஒரு நகலும் வைத்தால் 'ஐபி நெட்என்எஸ் எக்ஸெக்' அதை எடுத்துக்கொள்ளும்.

ஏற்றுவதற்கு முன் வழித்தடங்கள், விதிகள், இடைமுகங்கள், என்எஃப்டேபிள்ஸ் விதிகள், ரிசால்வ்.கான்ஃப் ஆகியவற்றை ஒரு கோப்பில் கொட்டுங்கள். ஏற்றுங்கள், இறக்குங்கள், மறுபடி கொட்டி 'டிஃப்' ஓட்டுங்கள். ஒரு வரி வேறுபட்டாலும் சோதனை தோல்வி. பிறகு இதையே கொடூரமாகச் செய்யுங்கள்: ஏற்றும் நிரலின் ஒவ்வொரு படிக்குப் பிறகும் கருவியைக் கில் சிக்னலால் கொன்று, இறக்கும் கட்டளையை மட்டும் ஓட்டி, அதே ஒப்பீடு. ஏழு படிகள் இருந்தால் ஏழு ஓட்டம். இறக்குவதை இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டும் எட்டாவது ஒன்றும் வேண்டும். இரண்டாம் முறை அது எதையும் தொடாமல், பிழை எதுவும் சொல்லாமல், 0 என்ற வெளியேற்றக் குறியுடன் முடிய வேண்டும்.